ஒரு விசில், ரெண்டு விசில்

ரயில் கதவு மூடும் நேரத்தில்தான் அக்கா இருக்கையை விட்டு எழுந்தாள். ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு, இன்னொரு கையில் கறிவேப்பிலைப் பை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, ஏதோ நான்தான் தப்பான இடத்தில் இறங்கிவிட்டதைப் போல என்னைப் பார்த்து, "இன்னாடீ?" என்று வாயசைத்தாள். சத்தம் வெளியே வரவில்லை. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பாரிஸ் நகரத்து மெட்ரோ நிலையம் ஒன்றில் நான் தனியாக நின்றேன். அக்காவின் செல்போன் என் கைப்பையில் இருந்தது. வீட்டுச் சாவியும் என்னிடம்தான். அந்த முகத்தை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதில் பயம் கொஞ்சமும் இல்லை. என் அவசரத்தைப் பார்த்த எரிச்சல்தான் இருந்தது.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவியை. செஞ்சியில் எங்கள் மாமனார் கட்டிய வீட்டை அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஒரு குழாயடிச் சண்டைக்காகப் பொங்கலிலிருந்து ஆடி வரைக்கும் பேசாமல் இருந்திருக்கிறோம். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தவள் என்பதால் என்னை 'டீச்சரு' என்றுதான் கூப்பிடுவாள். அதில் மரியாதை இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாம்பாரில் உப்பு குறைந்தால்தான் அந்தப் பட்டம் வெளியே வரும். நானும் சும்மா இருந்தவள் இல்லை. அவள் எங்கே கிளம்பினாலும் அவள் வீட்டுக்காரர், எங்கள் மூத்தவர், மொபெட்டை எடுத்தாக வேண்டும். நாலு தெரு தள்ளியிருக்கும் கோயிலுக்குக்கூட அவர் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். "மகாராணி பல்லக்கு ஏறிட்டாங்க" என்று அவள் காதில் விழும்படி ஜன்னலில் நின்று சொல்லியிருக்கிறேன். என் வாய் அப்படி.

மூத்தவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு அந்த மொபெட் வாசலிலேயே நின்றது. அவர்களுக்கு ஒரே மகள். எங்கள் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். படித்துவிட்டு வேலைக்காகப் பாரிஸ் போனவள், அங்கேயே புதுச்சேரிக் குடும்பத்துப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள். அந்தச் செய்தியை, கரண்ட் பில் கட்டியாச்சு என்று சொல்லும் குரலில் போனில் சொன்னாள். "நான் நல்லாத்தான் இருக்கேன், யாரும் டென்ஷன் ஆவாதீங்க" என்றாள். நாங்களும் ஆகவில்லை. எங்கள் கவலையெல்லாம் அப்போது அக்காவைப் பற்றித்தான். பாப்பாவின் கவலையும் அதுதான் என்று நம்பினோம். "நைனா இல்லாம நீ அனந்தபுரம் சந்தைக்குக்கூடத் தனியாப் போனதில்லம்மா. ஒடம்புக்கு ஒண்ணுன்னா யாரு பாக்கறது? வீட்ட வித்துட்டு எனக்குத் தொணையா இங்க வந்துடு, உனக்கும் தொணையா இருக்கும்" என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா மசியவில்லை. அந்த வீட்டின் மாடியில் ஏறினால் ராஜகிரி மலை தெரியும். துணி காயப்போடும்போது மலையைப் பார்த்துக்கொண்டே மூத்தவரிடம் சத்தமாகப் பேசுவாள், காய்கறி விலை முதல் என் சாம்பார் வரைக்கும். எனக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். "என் வூட்டுல நான் தனியா இருந்துக்குவேன்" என்பதே அவள் பதில். கடைசியில் தாயும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு மாதம் அக்கா பாரிஸுக்கு வந்து இருப்பது. அம்மா தனியாகச் சமாளிப்பாள் என்று பாப்பாவுக்கு நம்பிக்கை வந்தால் செஞ்சி வீடு அப்படியே இருக்கும். வராவிட்டால் விற்றுவிடுவது. வழித்துணைக்கு எனக்கும் டிக்கெட் வந்தது. ரிடையர் ஆகி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்குக் கசக்குமா?

பாப்பா காலையில் வேலைக்குப் போனால் இருட்டும் வேளைக்குத்தான் வருவாள். அதுவரை நாங்கள் இருவரும் ஊர் சுற்றலாம் என்று ஆளுக்கொரு பாஸ் வாங்கிக் கொடுத்தாள். அதைக் கதவோரப் பெட்டியில் காட்டினால் வழி திறக்கும். "நம்மூர்ல லேடீசுக்கு ப்ரீ, இவ்ளோ பெரிய ஊரு, இங்க இல்லியா?" என்று அக்கா உண்மையாகவே ஏமாற்றப்பட்டவள் போலக் கேட்டாள். ஒவ்வொரு பயணமும் அவளுக்குப் பரீட்சை. பாப்பா கொடுத்த வரைபடத்தில் வண்ணக் கோடுகளும் எண்களும் இருந்தன. அவற்றைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றியது. அக்கா எண்ணைப் பார்க்கவே மாட்டாள். அங்கே வண்டி எந்த ஊரில் போய் நிற்குமோ அந்தப் பேரைத்தான் திசைக்கு எழுதி வைத்திருப்பார்கள். திண்டிவனம் வண்டி, சேத்துப்பட்டு வண்டி என்று சொல்லிப் பழகியவளுக்கு அது சுலபமாக இருந்தது. இரண்டு தடங்கள் சேரும் நிலையத்துக்கு அவள் வைத்த பேர் கூட்ரோடு. எங்கள் பக்கத்தில் சாலைகள் சேர்ந்து, இறங்கி வேறு பஸ் பிடிக்கும் இடமெல்லாம் கூட்ரோடுதான். எங்களுக்கு வாய்த்த கூட்ரோட்டின் பேர் ஸ்டாலின்கிராட்.

வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தின் பேர் ஃபோர் தொபெர்வில்லியே. வாயில் நுழைகிற பேரா அது? ஆனால் பலகையில் முதல் நாலு எழுத்தைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டாள். எங்கள் ஊரில் மலையடிவாரத்துப் பலகையில் ஆங்கிலத்தில் கோட்டை என்று எழுதியிருக்குமே, அதே நாலு எழுத்து. பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு 'ஃபோர்' என்கிறார்கள், அவ்வளவுதான். "செஞ்சிலேர்ந்து இம்மாந்தூரம் வந்து எறங்கறதும் கோட்டையிலதாண்டீ" என்று சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டையைக் காட்டியே ஆக வேண்டும் என்று பாப்பாவை இழுத்துக்கொண்டு போனோம். மரங்களும் பழைய சுவரும்தான் கண்ணில் பட்டன. "காம்பவுண்டு செவுத்தக் காட்டி கோட்டைன்றாங்க" என்று அக்கா திரும்பி நடந்தாள். பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஒரு தரம் எதிர்த்திசை வண்டியில் ஏறி, கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். தவறு என்னுடையது. இருந்தாலும் அக்காவின் முகம் வாடிப்போயிற்று. வீட்டு வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தி, "பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதடீ. இன்னா ஆனாலும் சொல்லாத. என் வூடு பூடும்" என்றாள். அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. நான் தலையாட்டினேன். சுவர் வைத்த நாளிலிருந்து எங்களுக்குள் இருந்த முதல் ரகசியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த நாள், லா ஷபேல் பக்கத்தில் உள்ள இலங்கைத் தமிழர் கடைகளுக்குப் போயிருந்தோம். முருங்கைக்காயைப் பார்த்ததும் அக்காவுக்கு மகள் ஞாபகம். பாப்பா சின்ன வயதில் சாறு உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தட்டைச் சுற்றி வேலி போல அடுக்குவாள். அங்கிருந்து கூட்ரோடு ஒரே நிலையம். நான் முதலில் இறங்கினேன். வழக்கமாக அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்குவேன். அன்று அவள் கையில் இடமில்லை, முருங்கைக்காய் இருந்தது. பின்னால் வருகிறாள் என்று நினைத்துத் திரும்பினால், ஆள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். 'ங்ங்' என்று ஒரு நீளமான சத்தம் கேட்டது, கதவு மூடும் முன் எச்சரிக்கை. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் நிதானமாக எழுந்தாள். ஏன் அப்போதுதான் எழுந்தாள் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. தளவானூரில் பிறந்து, செஞ்சிக்குப் பள்ளிக்கூடம் வந்த பஸ்ஸில் அவள் கற்றது ஒன்றுதான். கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இறங்கலாம். ரெண்டு விசில் அடித்தால்தான் கிளம்பும். பாரிஸில் கேட்டது ஒரு விசில். ரெண்டாவது விசில் வரும்வரை வண்டி எங்கே போய்விடும் என்று அவள் இருந்திருக்கிறாள். இத்தனை நாளும் நான் கையைப் பிடித்து இழுத்ததில் அது வெளியே தெரியாமலே இருந்துவிட்டது.

அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்பாள் என்று அடுத்த வண்டியில் ஏறிப் போனேன். அங்கே இல்லை. திரும்பிக் கூட்ரோட்டுக்கு வந்தேன். அங்கேயும் இல்லை. நான் அந்தப் பக்கம் போகும்போது அவள் இந்தப் பக்கம் வந்திருக்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் தண்டவாளம் தெருவுக்கு மேலே பாலத்தில் ஓடும். காற்று ஊசியாகக் குத்தியது. மேல் பிளாட்பாரத்துக்கும் கீழ்ச் சுரங்கத்துக்குமாக ஏறி இறங்கினேன். புடவை கட்டிய பெண் ஒருத்தி தூரத்தில் தெரிந்தால் ஓடினேன். அது வேறு யாரோ வங்கதேசத்து அம்மாள். நிலையத்துச் சீருடையில் இருந்தவரிடம் என் இங்கிலீஷில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையிலிருந்த கருவியில் யாரிடமோ பேசினார். பேரென்ன, வயதென்ன, என்ன உடை என்று கேட்டார். முருங்கைக்காய் என்பதை நான் எப்படிச் சொல்வேன்? நீளமான பச்சைக் குச்சிகள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்று அழுகைதான் வந்தது.

போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பாப்பாவைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் வழி சொல்வாள், போலீஸுக்குச் சொல்வாள், எல்லாம் செய்வாள். அதோடு செஞ்சி வீட்டின் கதை முடிந்தது. 'பாத்தியா சித்தி, நான் சொல்லல?' என்று அவள் கேட்கப் போவது எனக்கு முன்கூட்டியே கேட்டது. மாடியில் மலையைப் பார்த்துப் பேசும் குரலும் கேட்டது. போனை மறுபடி பையில் போட்டேன். இன்னொரு தரம் மேலே ஏறி இறங்கினேன். ஆளையே காணோம் என்கிறபோது வீடென்ன வீடு என்று கடைசியில் தோன்றிவிட்டது. பாப்பாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிவிடுவது என்று வண்டி ஏறினேன். அந்தப் பயணம் முழுக்க, பாப்பாவிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோட்டை நிலையத்தில் கதவு திறந்ததும் எதிரே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் முருங்கைக்காய். பக்கத்தில் பாப்பா. அவள் மூக்கு சிவந்திருந்தது, குளிரால் என்று எடுத்துக்கொண்டேன். "எங்கடீ போயி சுத்தினு வர?" என்று அக்கா என்னைக் கேட்டாள். தொலைந்துபோனவள் என்னைக் கேட்கிறாள்! கோபமும் நிம்மதியும் ஒன்றாக வந்து, அவள் தோளில் ஒரு அடி வைத்தேன். பாப்பா எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மா தனியா வந்துட்டாங்க சித்தி. கூட்ரோட்டுல மாறி, பலகைல கோட்டைன்னு பாத்து, யாரையும் கேக்காம வந்துட்டாங்க" என்றாள். அவள் குரலில் பெருமை இருந்தது. அதோடு வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அன்று ராத்திரி முருங்கைக்காய்ச் சாம்பார். பாப்பா சக்கையை அடுக்கவில்லை, ஓரமாக ஒதுக்கி வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும், "அம்மா, நான் இனிமே வீட்ட விக்கச் சொல்ல மாட்டேன். இந்த ஊர்லயே தனியா வந்துட்ட, செஞ்சில உனக்கு இன்னா? ரெண்டு பேருக்கும் சொன்ன தேதிக்கே டிக்கெட் உறுதி பண்ணிட்றேன்" என்றாள். அக்கா ஜெயித்துவிட்டாள். நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன், சந்தோஷப்படு என்று. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் காயும்வரை தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கை கழுவப் போனாள்.

மறுநாள் பாப்பா வேலைக்குப் போன பிறகு சமையலறையில் வைத்துச் சொன்னாள்.

"சாவி உங்கிட்ட இருக்குதேன்னு பெஞ்சில இந்தக் கோடியில குந்தினு இருந்தேன். ஒரு வண்டிலேர்ந்து பாப்பா எறங்கிச்சி. கூப்புடலாம்னு வாயத் தொறந்தேன். அது வெளிய போவலடீ. அந்தக் கோடி பெஞ்சில போயி குந்திகிச்சி. வண்டி வருது, போவுது, வருது, போவுது. அது அப்டியே குந்தினு இருக்குது. யாரோ வரணும் போலன்னு பாத்தேன். யாரும் வரல. போனு அடிச்சதக்கூட எடுக்காம இருந்திச்சி, நானே எழுந்து போயி பக்கத்துல குந்தினேன்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"வேல லேட்டுன்னு நம்மகிட்ட சொன்னதெல்லாம் அதாண்டீ. அந்தப் பையன் போனதுலேர்ந்து இதே பழக்கமாம். காலி வூட்டுக்குப் போவப் புடிக்காம அங்கியே குந்தி நேரத்தத் தள்ளிட்டு, தூக்கம் வர நேரத்துக்குப் போவுமாம்."

"நாம வந்தப்பறம் வீடு காலியா இல்லியே அக்கா?"

"நானும் அதத்தான் கேட்டேன்." அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு மாசத்துல பூடுவீங்க, உட்ட பழக்கத்தத் திரும்பப் புடிக்கறது கஷ்டம்மா, அதான் உடாம வச்சினு இருக்கேன்னு சொல்லுது."

பாப்பா எங்களை வரவழைத்ததே அக்காவுக்குப் பரீட்சை வைக்க என்று நினைத்திருந்தேன். வாரா வாரம் போனில் வந்த அந்தப் பேச்சில் 'எனக்குத் தொணையா' என்ற சொல் முதலில் வந்துகொண்டிருந்தது. இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக் கொடுத்த நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"தொணைக்கி வா, தொணைக்கி வான்னு கூப்புட்டுச்சே, எனக்குத் தொணைன்னு நெனச்சிட்டேண்டீ" என்றாள் அக்கா. பிறகு பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். "டிக்கெட்டு ஒண்ணு போதும், டீச்சரு."

விசாவை நீட்டிக்கும் வேலை, காகிதங்கள், அலைச்சல் எல்லாம் அதன் பிறகு பாப்பாவின் தலையில். சளைக்காமல் செய்தாள். என்னை விமான நிலையத்துக்கு வழியனுப்ப அக்கா தனியாகவே வந்தாள். பெரிய ரயிலில் என் பெட்டியை அவள்தான் இழுத்தாள். கதவு மூடும் அந்த 'ங்ங்' சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்து அவள் இழுத்தாள். "ஒரு விசிலுக்கே எறங்கிடணும்டீ, இங்க கண்டக்டர் கெடையாது" என்றாள். உள்ளே போகும்போது நான் போய்ட்டு வரேன் என்றேன். என் ஊருக்குப் போகிற என்னிடம், அந்த ஊர்க்காரியைப் போல, "போய்ட்டு வா" என்றாள்.

இப்போது அவள் அங்கேயேதான் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் நிலையத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்து மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை என்று பாப்பா போனில் புகார் சொல்கிறாள், சொல்லும்போதே சிரிக்கிறாள். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எனக்கு நன்றாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. வெள்ளிக்கிழமை பூட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கிவிட்டு, மாடியில் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நிற்கிறேன். சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டும் என்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிகிறது.

"பூட்டி வச்சா கரையான் ஏறிடும். நல்ல குடும்பமாப் பாத்து வாடகைக்கி உட்டுடு" என்று அக்கா வாரா வாரம் சொல்கிறாள். "இன்னும் யாரும் வரலியா?" என்று கேட்கிறாள். "வரலக்கா, இந்தத் தெருவுக்கு யாரு வராங்க" என்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் வீடு. இதுவரை மூன்று குடும்பத்தார் வந்து கேட்டுவிட்டார்கள். வீட்டுக்காரம்மா ஊரிலிருந்து வந்துவிடுவார்கள் என்று சொல்லி மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.